ஒச்சாண்டியின் கோவணமும் நூதனக் கருவி அபிமானிகள் சங்கமும்

ஒச்சாண்டியின் கோவணம் என் பம்புக்குள் போனது ஒரு வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு. துவைத்துக் கிணற்றுப் படியில் காயப் போட்டிருந்தான். காற்று அதைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டது. குழாய் வாயிலிருந்த சல்லடை துருப்பிடித்து ஓட்டையாகக் கிடந்ததால், பம்பு அதை மரியாதையாக உள்ளே இழுத்துக்கொண்டது. ஒரு முக்கல், ஒரு முனகல், அதோடு தண்ணீர் நின்றது. எஞ்சின் மட்டும் தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல டக் டக்கென்று ஓடிக்கொண்டிருந்தது.

ஓடைப்பட்டிக்குக் கிழக்கே எனக்கு ஒன்றரை ஏக்கர் திராட்சை. எனக்கும் என் மனைவி சோணையம்மாளுக்கும் பிள்ளை இல்லை. ஆறு வருஷமாக நாங்கள் வளர்த்ததெல்லாம் அந்தக் கொடிகளைத்தான். அந்தப் பங்குனியில்தான் முதல் தடவையாகப் பந்தல் முழுக்கக் காய் பிடித்து, மொச்சைக்கொட்டைப் பருமனுக்கு வந்திருந்தது. அந்த வெயிலில் ஒரு வாரம் தண்ணீர் இல்லாவிட்டால் காய் உதிரும். பத்துப் பன்னிரண்டு நாள் இல்லாவிட்டால் கொடியே கருகிவிடும்.

பழைய நாளாக இருந்தால் மாட்டைப் பூட்டித் தோல்சாலில் கவலை இறைத்திருப்பேன். எஞ்சின் வாங்குவதற்காக மாடுகளை விற்றிருந்தேன். எஞ்சினுக்குக் கொட்டகை போடுவதற்காக, மாடு நடக்கும் கவலைத் தடத்தையும் இடித்திருந்தேன். நாகரிகம் வீடு தேடி வரும்போது இடம் விட வேண்டாமா?

கொல்லுப்பட்டறை சுருளியாண்டி ஆசாரி வந்து பார்த்தார். பம்பின் மூடியை ஒரே ஒரு பெரிய நட்டு இறுக்கிப் பிடித்திருந்தது. அதுவும் ஒரு குழிக்குள் உட்கார்ந்திருந்தது. எங்களிடம் இருந்த எந்த ஸ்பானரும் அந்தக் குழிக்குள் இறங்கவில்லை.

"உளி வச்சு ஒடைக்கலாம். ஆனா இது வார்ப்பிரும்பு. நட்டோட மூடியும் சேந்து போயிரும்" என்றார் ஆசாரி. "கழுத்து வளைஞ்ச ஸ்பானர் வேணும். ரெண்டங்குலம். அது மட்டும் இருந்தா வெத்தலை போடுற நேரத்துல கழட்டிரலாம்."

"எங்கன கெடைக்கும்?"

"மதுரையில சொல்லிவச்சு வாங்கப் பதினஞ்சு நாளாகும். இந்தப் பக்கத்துல ஒரே எடத்துலதான் இருக்கு. சின்னமனூர் கர்ணன் அய்யா வீட்டுல. அதை நிக்க வைக்கிறதுக்குத் தாங்கி அடிச்சுக் குடுத்ததே நான்தான்."

"ஸ்பானரை எதுக்குய்யா நிக்க வைக்கணும்?"

"நானும் கேட்டேன். பதில் சொல்லல" என்றார் ஆசாரி.

தோட்டத்து வேலையாள் ஒச்சாண்டி துண்டைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தான். "மொதலாளி, என்னாலதான இம்புட்டும். தண்ணி வர்ற வரைக்கும் நான் கோவணமே கட்ட மாட்டேன்" என்று சூரியனைக் கும்பிட்டுச் சத்தியம் செய்தான். "அப்படியெல்லாம் சத்தியம் பண்ணாதப்பா" என்று சோணையம்மாள் கெஞ்சிக் கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை வண்டி பிடித்துச் சின்னமனூர் போனேன். கர்ணன் அய்யா இரண்டு அரிசி மில்லுக்குச் சொந்தக்காரர். நெற்றியில் சந்தனம், விரலில் பச்சைக்கல் மோதிரம், பேச்சில் மேடைத் தமிழ். வீட்டுக்கூடத்தில் சுவருக்குச் சுவர் கண்ணாடி பீரோ. ஒன்றில் சுத்தியல்களாக இருந்தன. ஒன்றில் ரம்பங்கள், ஒன்றில் இடுக்கிகள். நடுவில் ஒரு முக்காலிமேல் சிவப்பு வெல்வெட்டு, அதன்மேல் இரும்புத் தாங்கி, அதில் சாய்ந்து நின்றது அந்த ஸ்பானர். கழுத்து வளைந்திருந்தது. பார்த்தவுடன் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நான் கண் கலங்கியதைக் கர்ணன் அய்யா கவனித்துவிட்டார். "நீர் ரசிகர்" என்றார். "மேலே சொல்லும்."

"அய்யா, இதை ஒரு மணி நேரம் இரவல் குடுத்தீகன்னா..."

"எதற்கு?"

"திருகறதுக்குங்க."

கூடத்தில் இருந்த வேலைக்காரர்கூடத் தலையைக் குனிந்துகொண்டார். பெரிய மனிதர் வீட்டில் சொல்லக் கூடாத வார்த்தையைச் சொல்லிவிட்டேன் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. கர்ணன் அய்யா, "உமக்குத் தெரியாமல் பேசுகிறீர். இது என்னுடையது என்றாலும் என்னுடையது அல்ல. போன மாதம் இதைச் சங்கத்தில் சமர்ப்பித்துவிட்டேன். இனி இது சங்க விதிகளுக்குக் கட்டுப்பட்டது. நாளை ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இருக்கிறது. வந்து மனுக் கொடும்" என்றார்.

சங்கத்தின் முழுப் பெயர் கம்பம் பள்ளத்தாக்கு நூதனக் கருவி அபிமானிகள் சங்கம். செயலாளர் செல்வமணியின் ஜவுளிக்கடை மாடியில் கூடுவார்கள். மறுநாள் நான் போனபோது, மாடிப்படி முடிகிற இடத்தில் சங்கத்தின் பெயர்ப்பலகை தரையில் சுவரோடு சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. கதவின் கீல் ஒன்று கழன்று, கதவு கயிற்றில் கட்டித் தொங்கியது. உள்ளே மேஜைமேல் பதினான்கு திருப்புளிகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள்.

பலகையை ஏன் மாட்டவில்லை என்று செல்வமணியிடம் கேட்டுவிட்டேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஆணி அடிக்கணும்ல. நம்ம மெம்பர் ஒருத்தரு ஆர்வத்துல, தான் புதுசா வாங்குன சுத்தியலை எடுத்து ஒரே ஒரு ஆணி அடிச்சுட்டாக. நல்ல மனுசன்தான். என்ன செய்ய, விதி ஏழுபடி அன்னைக்கே நீக்கிட்டோம். ஆணியையும் புடுங்கிட்டோம்."

"அதை எதை வச்சுப் புடுங்குனீக?"

"கையால. மூணு நாளாச்சு" என்றார்.

கூட்டத்தில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். தலைவர் கர்ணன் அய்யாதான். நடைமுறை இதுதான்: கடந்த மாதம் ஏதாவது வாங்கியவர் எழுந்து, பொருளைத் தாம்பாளத்தில் வைத்து, எண்ணெய்த்தாளைப் பிரிப்பார். தாம்பாளம் சுற்றி வரும். ஒவ்வொருவரும் குனிந்து புதுக் கிரீஸின் வாசனையை முகர வேண்டும். விலையைக் கேட்பது அநாகரிகம். எத்தனை மைல் தாண்டி வந்தது என்றுதான் கேட்க வேண்டும். கடைசியில் தலைவர், "கை பட்டதா?" என்பார். கொண்டுவந்தவர், "படவில்லை" என்பார். உடனே எல்லாரும் சேர்ந்து, "நல்ல வாங்கல்!" என்பார்கள்.

அன்றைக்குக் கதாநாயகர் ரோடு காண்டிராக்டர் வீரணன். அவர் வாங்கியிருந்தது மின்சாரத்தில் ஓடும் துளைப்பான். ஆறாயிரம் மைல் தாண்டிக் கப்பலில் வந்தது என்றதும் சபையில் பெருமூச்சு எழுந்தது. சங்கம் கூடிய அந்த மாடியிலோ, அந்தத் தெருவிலோ, அதற்கு அடுத்த தெருவிலோ மின்சாரம் கிடையாது. அதை யாரும் ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. வீரணன் வயரின் முனையைச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டு, துளைப்பானைச் சுவரில் வைத்து அழுத்தினார். பன்னிரண்டு கனவான்களும் வாயால் கர்ர்ர் என்று சத்தம் கொடுத்தார்கள். நானும் கொடுத்தேன். என் காரியம் ஆக வேண்டுமே.

"சுவரில் ஒரு கீறல்கூட இல்லை. எப்பேர்ப்பட்ட நுட்பம்!" என்றார் செயலாளர்.

"நல்ல வாங்கல்!" என்றது சபை.

என் மனுவை எடுத்ததும் ஒரு சிக்கல் வந்தது. மனுக் கொடுக்க மெம்பராக இருக்க வேண்டும். மெம்பராக வேண்டுமென்றால் அண்மையில் ஏதாவது கருவி வாங்கியிருக்க வேண்டும். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் பையில் சோணையம்மாளுக்காகக் காலையில் கடைவீதியில் வாங்கிய பாக்குவெட்டி இருந்தது. வெட்கத்தோடு எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தேன். பன்னிரண்டு பேரும் முகர்ந்தார்கள்.

"எத்தனை மைல்?" என்றார் தலைவர்.

"ரெண்டு பர்லாங்குங்க."

சபை இறுகிப்போனது. நல்லவேளை, செல்வமணி பாக்குவெட்டியைத் திருப்பிப் பார்த்து, அது திருப்பாச்சேத்தியில் அடித்தது என்று கண்டுபிடித்தார். தூரத்தைக் கூட்டிப் போட்டதும் எல்லாருக்கும் மூச்சு வந்தது.

"பாக்கு வெட்டினீரா?"

"இல்லீங்க."

"நல்ல வாங்கல்!" என்றார்கள். நான் மெம்பரானேன். மாதிரிக்கு வைத்துக்கொள்வதாகப் பாக்குவெட்டியைப் பீரோவில் பூட்டிவிட்டார்கள்.

பிறகு என் மனு. தோட்டம், கிணறு, கோவணம் எல்லாவற்றையும் சொன்னேன். கோவணம் என்ற இடத்தில் வீரணன் அது எந்த ஊர்த் துணி என்று விசாரித்தார். எல்லாம் கேட்டுவிட்டுத் தலைவர் எழுந்தார்.

"கனவான்களே! நமது புதிய மெம்பர் ஒரு கேள்வியைக் கிளப்பியிருக்கிறார். கருவி எதற்கு என்பதே அந்தக் கேள்வி. உளியைப் பிடித்தவன் ஆசாரி. மண்வெட்டியைப் பிடித்தவன் கூலியாள். எதையுமே பிடிக்காமல் எல்லாவற்றையும் வைத்திருப்பவன் யார்? அவனே கனவான்! என் வீட்டில் பதினேழு சுத்தியல்கள் இருக்கின்றன. இதுவரை ஓர் ஆணியும் என்மேல் குறை சொன்னதில்லை. ஒரு முறை திருகிவிட்டால் ஸ்பானர் பழசாகிவிடும் கனவான்களே! பழசான பிறகு அதற்கும் ஓர் இரும்புத் துண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஆனாலும் நான் இரக்கமற்றவன் அல்ல. மெம்பரின் நட்டு உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்த்து வர ஒரு கமிட்டி அமைக்கிறேன்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பக்கத்தில் இருந்தவர் என் முதுகில் தட்டி, "மொத நாளே ஒமக்குன்னு ஒரு கமிட்டி போட்டுட்டாகளே. எனக்கெல்லாம் எட்டு வருசமா ஒண்ணும் போடல" என்றார். பொறாமை அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். சோணையம்மாள் முழுக்கக் கேட்டாள்.

"ஸ்பானர் எங்க?"

"கமிட்டி போட்டுருக்காக."

"பாக்குவெட்டி எங்க?"

அன்று மாலையே அவளும் ஒச்சாண்டியும் கயிற்றில் வாளி கட்டி, அறுபதடிக் கிணற்றிலிருந்து தண்ணீர் இழுத்து, குடத்தில் சுமந்து கொடிகளுக்கு ஊற்ற ஆரம்பித்தார்கள். நானும் சேர்ந்துகொண்டேன். ஒரு கொடிக்கு நாலு குடம். மூன்று பேரும் கை கொப்பளிக்க இழுத்தால் ஒரு நாளைக்கு இரண்டு வரிசை நனையும். தோட்டத்தில் முப்பத்தாறு வரிசை.

கமிட்டி புதன்கிழமை மோட்டார் காரில் வந்தது. வீரணன், செல்வமணி, இன்னும் ஒரு மெம்பர் ஆக மூன்று பேர். நட்டை அளப்பதற்கு ஆளுக்கு ஓர் அளவுகோல் கொண்டுவந்திருந்தார்கள். எல்லாம் புத்தம்புதுசு. நட்டில் பட்டால் கீறிவிடும் என்பதால், இரண்டு விரல்கடை தள்ளிப் பிடித்தே அளந்தார்கள். ஒருவருக்கு ஒன்றேமுக்கால் அங்குலம் வந்தது, ஒருவருக்கு இரண்டேகால், வீரணனுக்கு மூன்று. உடனே எந்த அளவுகோல் உசத்தி என்ற பேச்சு கிளம்பியது. ஒன்றையொன்று முகர்ந்து பார்த்தார்கள். எத்தனை மைல் என்று விசாரித்துக்கொண்டார்கள். நட்டு பாட்டுக்குக் குழிக்குள் கிடந்தது.

சோணையம்மாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, சேலை நூல் ஒன்றை உருவி நீட்டினாள். "அய்யா, இந்த நூலைச் சுத்திப் பாத்தா அளவு தெரிஞ்சிரும்ல?"

"நூலு கருவி இல்லையேம்மா" என்றார் செல்வமணி, வருத்தத்தோடு.

மத்தியானம் மூன்று பேருக்கும் சோறு போட்டோம். சாப்பிட்டு எழுந்து கை கழுவ வந்தவர்கள், கொடிக்காக இழுத்து வைத்திருந்த இரண்டு குடத்தையும் கவிழ்த்துக் காலும் முகமும் கழுவிக்கொண்டார்கள். வாயைத் திறந்தால் கமிட்டி கலைந்துவிடும் என்று பேசாமல் துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

அன்றைக்கே அறிக்கை எழுதினார்கள். எனக்கு வாசித்தும் காட்டினார்கள். "நட்டு ஒன்று இருக்கிறது. அது இறுகியிருக்கிறது. அது கழற்றப்பட வேண்டும் என்பது மனுதாரரின் சொந்த அபிப்பிராயம்."

வெள்ளிக்கிழமை காய்கள் சுருங்கத் தொடங்கின. சனிக்கிழமை காலை பந்தலுக்குக் கீழே நடந்தால் காலடியில் நெறுநெறுத்தன. நான் உதிர்ந்ததில் ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஆறு வருஷம். ஒவ்வொரு கொடியும் எந்த நாளில் பந்தலைத் தொட்டது என்று எனக்குத் தெரியும்.

"காய் போச்சு. கொடியவாச்சும் காப்பாத்தணும்" என்றாள் சோணையம்மாள். "நீங்க இன்னொரு தடவை போய்க் கேளுங்க. காலுல விழுந்தாலும் சரி."

போனேன். சங்க மாடியில் எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். என் மனு ஏற்கப்பட்டுவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை ஸ்பானர் என் தோட்டத்துக்கு எழுந்தருளப்போகிறதாம். காலில் விழுவதற்கு வேலையே இல்லாமல் போயிற்று. ஒரே ஒரு விஷயம்தான் பாக்கி. இரும்பு சனி பகவானுக்கு உரியது, அதனால் சங்க எல்லையைத் தாண்டும் கருவியைச் சனிக்கிழமை குச்சனூரில் காட்டிவிட்டுத்தான் எடுத்துப்போக வேண்டும் என்று வீரணன் சொல்லிவிட்டார். அவருக்கு இது அன்று காலையில்தான் தோன்றியதாம்.

ஐந்து மோட்டாரில் குச்சனூர் போனோம். ஸ்பானருக்கு மாலை போட்டிருந்தது. பூசாரி தாம்பாளத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"சாமிக்கு எள்ளுத் தீபம் போடுங்க, நல்லது. இதை எதுக்கு இங்கன கொண்டாந்தீக?"

"வழக்கம்" என்றார் வீரணன்.

"அப்படி ஒரு வழக்கம் நான் கேள்விப்பட்டதில்லையே. இது என்ன சாமானு?"

கனவான்கள் ஆளுக்கொரு தூணைப் பார்த்தார்கள். "நட்டுத் திருகறதுங்க" என்றேன் நான்.

"அப்பப் போய்த் திருகுங்க. சாமி என்ன வேணாம்னா சொல்லுது?" என்றார் பூசாரி. அந்தப் பத்து நாளில் சோணையம்மாளுக்கு அடுத்தபடியாக நான் சந்தித்த ஒரே புத்திசாலி அவர்தான். தலைவர் அது காதில் விழாதவர்போல எட்டுத் தரம் சன்னிதியைச் சுற்றிவிட்டு வெளியே வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை என் தோட்டத்து வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். நாயனம், மேளம், வாடகை நாற்காலிகள், மோட்டார் மோட்டாராகக் கனவான்கள். ஓடைப்பட்டியே திரண்டு வந்து வேலியோரம் நின்றது. கொடிகளின் இலை ஓரமெல்லாம் சுருண்டு பழுப்பாகிவிட்டது. நான் ஒரு தண்டை நகத்தால் கீறிப் பார்த்திருந்தேன், உள்ளே இன்னும் பச்சை இருந்தது. இன்றைக்குத் தண்ணீர் பாய்ந்தால் பிழைத்துக்கொள்ளும். அது மட்டுமே என் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. ஒச்சாண்டி மட்டும் கூட்டத்தைப் பார்க்காமல், குடத்தோடு கிணற்றுக்கும் பந்தலுக்கும் நடந்துகொண்டே இருந்தான்.

எஞ்சின் கொட்டகைக்குள் தலைவர் பட்டுக் கையுறை மாட்டிக்கொண்டு, எண்ணெய்த்தாளைப் பிரித்தார். மேளம் கெட்டிமேளமாக மாறியது. ஸ்பானரைக் குழிக்குள் இறக்கினார். கழுத்து வளைவு அந்தக் குழிக்கென்றே அளவெடுத்ததுபோல இறங்கியது. 'ணக்' என்று ஒரு சத்தம். நட்டின் ஆறு பக்கத்தையும் அது கவ்விக்கொண்டதை எல்லாரும் பார்த்தார்கள்.

சபை எழுந்து நின்று கைதட்டியது. செல்வமணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலைவர் பேசினார்.

"கனவான்களே! பொருத்தம் பார்ப்பது பெரியவர்கள் கடமை. இன்று பொருத்தம் பார்த்தாயிற்று. பத்துக்குப் பத்து! ஆறாயிரம் மைலுக்கு அப்பால் ஒருவன் இதை வார்த்தான். ஓடைப்பட்டி நட்டுக்கு இது பொருந்துகிறது. சங்கம் தொடங்கிய நோக்கம் இன்று நிறைவேறியது. அடுத்தபடியாகப் போட்டோ."

"அய்யா" என்றேன், "திருகணுமேங்க."

அவர் குழந்தையிடம் பேசுவதுபோலப் பொறுமையாகச் சொன்னார்: "திருகினால் என்ன ஆகும்? நட்டு கழலும். நட்டு கழன்ற பிறகு இந்த ஸ்பானருக்கு இங்கே என்ன மதிப்பு? யோசித்துப் பாரும். இப்போது நீர் மண்ணைக் கிண்டும் வெறும் சம்சாரி அல்ல, மெம்பர்."

"நல்ல வாங்கல்!" என்றது சபை.

போட்டோக்காரர் தேனியிலிருந்து வந்திருந்தார். மூன்று கால் பெட்டியை நிறுத்திக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். மனுதாரர் கையில் ஸ்பானர் இருந்தால் படம் களையாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. தலைவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு என் கையை நன்றாகத் துடைக்கச் சொல்லி, ஒரு பட்டுத்துணியைச் சுற்றி, நட்டைக் கவ்வியபடி நின்ற ஸ்பானரின் பிடியில் வைத்தார்.

"கொட்டாயிக்குள்ள வெளிச்சம் பத்தல. பத்து எண்ணுவேன். அதுவரைக்கும் யாரும் அசையக் கூடாது. அசைஞ்சா படம் கலங்கிரும்" என்றார் போட்டோக்காரர்.

"ஒண்ணு" என்றார்.

பட்டுத்துணிக்கு அடியில் இரும்பு கனத்தது. நட்டு லேசாக நெகிழ்ந்து கொடுப்பது என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. ஆசாரி சொன்னது சரிதான். ஒரே இழுப்பு. பிடித்து ஒரு இழு இழுத்தால் வந்துவிடும். எனக்கு வலப்புறம் தலைவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். இடப்புறம் வீரணன் மீசையை நிமிர்த்திக்கொண்டு நின்றார். பின்னால் பத்துக் கனவான்கள் கல்லாய்ச் சமைந்திருந்தார்கள்.

"நாலு... அஞ்சு..."

மேளக்காரர்கூடக் கோலை அந்தரத்தில் நிறுத்தியிருந்தார். கொட்டகை வாசலில் ஒச்சாண்டி குடத்தோடு வந்து நின்று என் கையையே பார்த்தான். அவன் உதடு அசைந்தது. என்ன சொல்கிறான் என்று எனக்குத் தெரியும். ஆனால் போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து ஒரு கையை உயர்த்தி எச்சரித்துக்கொண்டே இருந்தார்.

"எட்டு... ஒம்பது... பத்து."

தலைவரின் பட்டுக் கையுறை வந்து, என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஸ்பானரைத் தூக்கிக்கொண்டது. நாலு பேர் குனிந்து முகர்ந்தார்கள். "கை படல" என்று செல்வமணி நோட்டில் எழுதினார். எண்ணெய்த்தாளில் சுற்றினார்கள். மேளம் முன்னே போக, மோட்டார்கள் பின்னே போயின. வாழைமரத்தைக்கூட அவிழ்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வாடகைச் சாமானாம்.

தோட்டத்தில் நாங்கள் மூன்று பேர் மிஞ்சினோம். சோணையம்மாள் கொட்டகைக்குள் வந்தாள். குழிக்குள் குனிந்து நட்டைப் பார்த்தாள். அப்புறம் என் வலது கையைப் பிடித்து விரித்து, கொப்பளத்தையும் தழும்பையும் பார்த்தாள்.

"கை அதுமேலதான இருந்துச்சு?"

"ஆமா."

"ஒரு இழுப்பு இழுத்திருக்கலாம்ல?"

"அசையக் கூடாதுன்னு சொன்னாக" என்றேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையை விட்டுவிட்டு, குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றைப் பார்த்து நடந்தாள்.